காற்றின் மேல் வழக்குப் போட முடியுமா?

2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் அவிழ்ந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்தது. தடுமாறிச் சாலையில் விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் வைத்தவர் அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர். சில வாரம் கழித்து அதே கட்சியின் மூத்த தலைவர் சி. பொன்னையன் ஒரு பேட்டியில், பேனர் வைத்தவரா அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டார், வழக்குப் போடுவதென்றால் காற்றின் மேல்தான் போட வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஊரே கொதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் காற்றுக்குச் சம்மன் அனுப்பவில்லை. குடும்பத்துக்கு அரசு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரட்டும், அந்தத் தொகையைத் தவறு செய்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

பொன்னையன் பேச்சைக் கேட்டுக் கோபப்பட்டவர்களில் பாதிப் பேர், தங்கள் வீட்டுத் தகர ஷீட் பறந்துபோய் எதிர்வீட்டுக் கார் கண்ணாடியை உடைத்தால் அதே வாதத்தைத்தான் எடுத்துவைப்பார்கள். பேனர் விவகாரத்தில் கட்சி இருந்தது, அனுமதி வாங்காத குற்றம் இருந்தது, ஓர் உயிர் போயிருந்தது. வீட்டுச் சாமான் பறந்து அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்துவதில் இதெல்லாம் இல்லை. தொகை சின்னது, செய்தித்தாளில் வராது, கோர்ட்டுக்கும் போகாது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மேற்குச் சென்னையில் இந்தச் சண்டை அடிக்கடி வருவதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து வானகரம்–அம்பத்தூர் சாலை வரை தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் விஷயம் புரிந்துவிடும். ஒற்றை மாடி வீடும் நாலு மாடி அடுக்ககமும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. மொட்டை மாடி எதுவும் மொட்டையாக இல்லை. கருப்பு சின்டெக்ஸ் டேங்க், டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் ஸ்டாண்ட், மாடித்தோட்டத்துப் பைகள், அவற்றுக்கு மேல் பச்சை நிழல்வலை, கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, தேர்தல் முடிந்ததும் கழற்றிவந்து சிமென்ட் மூட்டைக்குப் போர்த்திய ஃப்ளெக்ஸ். வெயில் தாங்காமல் போட்ட தகரக் கொட்டகை வீட்டுக்கு வீடு. கீழே, வண்டி நிறுத்த இடம் விடாமல் கட்டிய வீடுகளின் கார்களும் பைக்குகளும் தெருவோரம் வரிசையாக.

புயலுக்காவது கரைக்கு வரும் முன்பே பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து மாடிகளைக் கலைத்துப் போடுவது பெரும்பாலும் பெயரில்லாத காற்றுதான். மே, ஜூனில் மேற்கே திருத்தணி, திருவள்ளூர்ப் பக்கம் கிளம்பும் இடிமேகம் சாயங்காலம் கடலை நோக்கி நகரும்போது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் நகருக்குள் நுழையும். பத்து நிமிஷம் சூறைக்காற்று, அரை மணி நேரம் மழை, பிறகு மின்வெட்டு. கரன்ட் வந்த பிறகுதான் எது எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

அப்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒன்றுதான்.

“அண்ணே, உங்க வீட்டு ஷீட்டு என் வண்டி மேல கெடக்குது.”

“காத்து அடிச்சதுக்கு நான் என்ன தம்பி பண்ணுவேன்? வேணும்னா போட்டேன்?”

“கட்டி வெச்சிருக்கலாமில்ல?”

“எல்லார் வீட்லயும்தான் பறந்துச்சு. என்னை மட்டும் கேக்குறியே.”

சட்டப் புத்தகத்தில் பல அத்தியாயங்களாகக் கிடக்கும் விஷயம் இந்த நாலு வரியிலேயே இருக்கிறது. வேண்டுமென்று செய்யாவிட்டால் பொறுப்பு உண்டா? கட்டி வைக்கவேண்டிய கடமை யாருக்கு? ஊருக்கே வந்த காற்று என்றால் ஒருவரைக் கேட்கலாமா?

முதலில் காற்று எவ்வளவு தள்ளும் என்று பார்த்துவிடலாம். பொறியாளர்கள் கையாளும் சூத்திரம் எளிது: காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 120 கிலோமீட்டர் என்றால் 68 கிலோ. வேகம் இரண்டு மடங்கு ஆனால் தள்ளு நாலு மடங்கு. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள தகர ஷீட்டின் பரப்பு மூன்றேகால் சதுர மீட்டர். எடை பதினைந்து கிலோ சொச்சம். 72 கிலோமீட்டர் காற்று முழுசாக அடியில் புகுந்தால் அதை 80 கிலோ பலத்தோடு தூக்கும். அதன் மேல் நாலு செங்கல்லை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் கணக்கில் வீக் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்துவைப்பது ஜே ஹூக்கோ ஸ்க்ரூவோதான். ஸ்க்ரூவுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். சென்னை வெயிலில் அது சில வருஷத்தில் காய்ந்து வெடிக்கும். அந்த இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும், ஓட்டை பெரிதாகும், ஒருநாள் ஸ்க்ரூ சட்டத்திலேயே நிற்க, ஷீட் மட்டும் அதன் தலையை உருவிக்கொண்டு கிளம்பும். அதற்கு முன்பே சாதாரணக் காற்றுக்கெல்லாம் ‘தடதட’வென்று அடித்து அது அறிவிப்புக் கொடுத்திருக்கும். இந்தச் சத்தம் சட்டத்தில் முக்கியமான சத்தம். வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கேட்ட பக்கத்து வீட்டார் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ‘கடவுள் செயல்’. யாராலும் எதிர்பார்க்க முடியாத, எதிர்பார்த்தாலும் தடுக்க முடியாத இயற்கைச் சக்தி மட்டுமே சேதத்துக்குக் காரணம் என்றால் எவரும் பொறுப்பில்லை என்பது ஆங்கிலேயர் இங்கே விட்டுப்போன சட்டத்தில் உள்ள தற்காப்பு. 1868-இல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ்–ஃபிளெட்சர் தீர்ப்பு, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்கிவைத்து அது தப்பிப்போய்ச் சேதம் செய்தால், கவனமாக இருந்தாலும்கூடப் பொறுப்பு என்றது. எட்டு ஆண்டில், 1876-இல், நிக்கல்ஸ்–மார்ஸ்லாண்ட் வழக்கில் ஒரு பெருமழை செயற்கை ஏரிகளை உடைத்தபோது கடவுள் செயல் என்று விலக்குக் கொடுத்தார்கள். 1917-இல் ஸ்காட்லாந்து வழக்கொன்றில் பிரபுக்கள் சபை அந்தத் தாராளத்தைச் சுருக்கிக்கொண்டது. பெருமழை வரும் என்பது தெரிந்ததுதானே என்று கேட்டது.

நம் பக்கத்துக்கு வந்தால், திருத்தணியைத் தாண்டி இன்று ஆந்திராவில் இருக்கும் கார்வேட்டிநகரம் ஜமீன் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜமீனின் ஏரிகள் உடைந்து வெள்ளம் ரயில் பாலங்களை அடித்துப்போனது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஏரி அவர் ஆசைக்கு வெட்டியதல்ல, ஊர் பிழைப்பதற்காகத் தலைமுறையாக இருப்பது, அதைக் காப்பது அவர் கடமை, அவர் அலட்சியமாக இருந்ததாக நிரூபணம் இல்லை, ஆகவே பொறுப்பில்லை. ஏரிப்பாசன நாட்டுக்கு ரைலண்ட்ஸ் விதியை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது என்று லண்டனில் உட்கார்ந்தவர்களுக்கே தோன்றியது ஆச்சரியம்தான். இந்தத் தீர்ப்பிலிருந்து வீட்டுச் சாமானுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உன் பொருள் போய் என் பொருளை உடைத்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அலட்சியத்தையும் காட்ட வேண்டும். சின்டெக்ஸ் டேங்க்காரருக்கு ஜமீன்தாரின் மற்றச் சலுகை, அதாவது ஊர் நன்மை, கிடைக்காது.

அலட்சியம் இருந்தால் இந்திய நீதிமன்றங்கள் கடவுளை எளிதில் உள்ளே விடுவதில்லை. கல்லுலால்–ஹேம்சந்த் வழக்கில் மழை நாளில் ஒரு கட்டடச் சுவர் விழுந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அன்று பெய்தது 2.66 அங்குலம். கடவுள் செயல் என்றார் உரிமையாளர். மழைக்காலத்தில் அவ்வளவு மழை எதிர்பார்க்கவேண்டியதுதான் என்று 1958-இல் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2.66 அங்குலம் என்பது ஏறக்குறைய 68 மில்லிமீட்டர். சென்னைக்கு நவம்பரில் அது ஒரு வேலை நாள். டெல்லி சாந்தினி சவுக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து வழியில் போனவர்கள் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1966-இல் இன்னும் ஒரு படி போனது: எண்பது வயசுக் கூண்டு, அதன் சுண்ணாம்புக் கலவையின் ஆயுளே அதில் பாதிதான், விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி.

காற்று வழக்கில் அண்மைய பெரிய உதாரணம் மும்பை காட்கோபர். 2024 மே 13 அன்று புழுதிப்புயலில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்த விளம்பரப் பலகையின் அளவு 120-க்கு 120 அடி. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 40-க்கு 40. 17 பேர் இறந்தார்கள். பலகை நிறுவனத்தின் இயக்குநர் நீதிமன்றத்தில் சொன்னது கடவுள் செயல், வானிலை மையம் முன்னறிவிக்கவில்லை என்பது. வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனம் ஆராய்ந்தபோது, அந்தப் பலகை மணிக்கு 49 கிலோமீட்டர் காற்றைத்தான் தாங்கும் என்றும், அன்று அடித்தது 87 என்றும், மும்பையில் தாங்கியிருக்க வேண்டியது 158 என்றும் வந்தது. கடவுள் அன்று தன் அளவுக்கு உள்ளேயே நின்றிருக்கிறார்.

அந்த 158 வானத்திலிருந்து வந்த எண் அல்ல. கட்டடங்கள் எந்தக் காற்றைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி ஊர்வாரியாகச் சொல்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் வினாடிக்கு 39 மீட்டர், மும்பைக்கு 44, சென்னைக்கு 50. ஐம்பது என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தபோது காற்று 110–120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. நகரத்து மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்த அந்த நாளிலும் காற்று இந்த எண்ணை எட்டவில்லை. ‘வர்தா மாதிரி எவன் எதிர்பார்த்தான்’ என்று கேட்கிறவருக்கு, தர நிர்ணய அமைப்பு எதிர்பார்த்தது என்பது பதில்.

இதற்காக, புயலில் பறந்த எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. வர்தாவில் ஒரே மாடியிலிருந்து இரண்டு பொருள் கிளம்பியதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, முறையாக இரும்புச் சட்டம் போட்டு, ஸ்க்ரூ மாற்றிப் பராமரித்த கூரை ஷீட். இன்னொன்று, மாடியில் மறந்துவிட்ட பிளாஸ்டிக் நாற்காலி. ஷீட் போய்ப் பக்கத்து வீட்டு ஓடுகளை உடைத்தால், நியாயமான மனிதர் செய்யக்கூடியதை அவர் செய்திருக்கிறார் என்று சொல்ல இடமுண்டு. நாற்காலி உடைத்தால் சொல்ல முடியாது. புயல் வருவது பல நாளுக்கு முன்பே தெரியும். மாடியில் தளர்வாகக் கிடப்பதை எடுத்து உள்ளே வையுங்கள் என்று டிவியிலும் கைபேசியிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்காலியை எடுத்துவைக்க இரண்டு நிமிஷம் ஆகாது. காற்று எவ்வளவு பலமாக அடித்தது என்பதிலேயே வாதம் சுற்றுவது வீண் என்பது இங்கேதான் தெரிகிறது. காற்று ஒன்று, மாடி ஒன்று, பதில் இரண்டு.

இதே தர்க்கத்தை ஆஸ்திரேலிய மரம் ஒன்று இன்னும் துல்லியமாகக் காட்டும். 1961-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவர் நிலத்தில் நூறடி உயர மரத்தில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. அவர் மரத்தை வெட்டிச் சாய்த்தார். தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கலாம். தானே எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். சில நாளில் காற்றுக் கிளம்பித் தீயைப் பக்கத்து நிலங்களுக்குக் கொண்டுபோனது. மின்னலும் இயற்கை, காற்றும் இயற்கை. ஆனாலும் 1966-இல் பிரிவி கவுன்சில் அவரைப் பொறுப்பாக்கியது: ஆபத்து இருப்பது தெரிந்தது, நீக்க வழி இருந்தது, நீக்கவில்லை. தடதடக்கும் ஷீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

எதிர்ப்பக்கத் தீர்ப்பும் உண்டு. ராஜ்கோட்டில் 1975-இல் வேலைக்கு நடந்துபோன ஒருவர் மேல் சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். உயர்நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மரம் விழும் என்று மாநகராட்சி முன்கூட்டி அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பது சாரம். ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்க்கவேண்டிய அமைப்புக்கும், தன் தலைக்கு மேல் இருக்கும் பத்து ஷீட்டைப் பார்க்கவேண்டிய வீட்டுக்காரருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியில்லை. ஆனாலும் ‘முன்பே தெரியுமா’ என்ற கேள்வியைத் தாண்டாமல் யாருக்கும் இழப்பீடு இல்லை என்பதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

வீட்டுக்காரர் என்றால் யார்? குடியிருப்பவரா, சொந்தக்காரரா? பொருள் யார் கையில் இருந்தது என்று பார்ப்பதே வழி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளைச் சொந்தக்காரர் தலையிலும், குழாய் வாஷர் போன்ற சில்லறைப் பராமரிப்பைக் குடியிருப்பவர் தலையிலும் வைக்கிறது. ஆகவே கொட்டகை பறந்தால் சொந்தக்காரரைத் தேட வேண்டும். துணி ஸ்டாண்டு பறந்தால் மாடி போர்ஷன்காரரை. அடுக்ககத்தில் மொட்டை மாடி பொதுவிடம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி பொதுவிடத்தைப் பராமரிப்பது சங்கத்தின் வேலை. ஆனால் மாடியில் கிடக்கும் உடைந்த அலமாரியை எந்த வீட்டுக்காரர் கொண்டுபோய்ப் போட்டார் என்பது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கே தெரியாது.

நாற்காலியில் பெயர் எழுதியிருக்காது என்பதுதான் பெரிய ஓட்டை. பண்டை ரோமாபுரிக்காரர்கள் இதற்கு விடை கண்டிருந்தார்கள். மாடியிலிருந்து எறிந்ததோ ஊற்றியதோ தெருவில் சேதம் செய்தால், எறிந்தவர் யாராக இருந்தாலும் அங்கே குடியிருப்பவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். நடமாட்டமுள்ள இடத்துக்கு மேல் விழக்கூடியதை வைத்தாலோ தொங்கவிட்டாலோ, அது விழாவிட்டாலும் அபராதம். சீனா 2021 ஜனவரியில் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்பின் 1254-ஆம் பிரிவு, கட்டடத்திலிருந்து எறிந்த, விழுந்த பொருள் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அப்படிச் செய்திருக்கக்கூடிய வீட்டார் எல்லோரும், தாங்கள் இல்லை என்று காட்டினாலொழிய, இழப்பீட்டைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்கிறது. அந்த நேரம் ஊரிலேயே இல்லாதவர் தப்பலாம். வீட்டில் சும்மா படுத்திருந்தவர் மாட்டலாம். பாதிக்கப்பட்டவருக்கு இனிக்கும் இந்த விதி மற்றவர்களுக்கு அநியாயமாகவே படும்.

சிங்கப்பூர் வேறு வழியில் போயிருக்கிறது. அடுக்குமாடியே ஊர் என்பதால் மேலிருந்து விழும் பொருள் அங்கே பழைய தலைவலி; வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வீடமைப்புக் கழகத்துக்கு உண்டு. 2023 ஜூலையிலிருந்து, ஒரு வீட்டிலிருந்து குப்பை எறியப்பட்டது தெரிந்தால் அந்த வீட்டுக்காரரே எறிந்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது; இல்லை என்று காட்டுவது அவர் பாடு. ஜன்னல்களுக்குத் தனிச் சட்டம். வெளிப்புறம் திறக்கும் ஜன்னலின் அலுமினிய ரிவெட்டுகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு போட வேண்டும் என்று 2004-இல் உத்தரவிட்டார்கள். மாற்றாவிட்டால், ஜன்னல் விழாவிட்டாலும் தண்டனை. ரோமாபுரியின் தொங்கும் பொருள் விதியும் இதுவும் ஒரே சிந்தனை. சேதத்துக்குப் பிறகு யார் என்று தேடுவதைவிட, சேதத்துக்கு முன்பு யாருக்குக் கடமை என்று எழுதிவைப்பது லாபம். சென்னையில் விளம்பரப் பலகைக்கு உரிமம் உண்டு. தகரக் கொட்டகையின் ஸ்க்ரூவை யாரும் வந்து பார்ப்பதில்லை.

சேதம் நடந்துவிட்டது. இனி என்ன வழி? பெரும்பாலானோர் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். அங்கே புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கலாம், எஃப்.ஐ.ஆர். கிடைப்பது கஷ்டம். அதில் நியாயமும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு சொல்லும் சொத்து நாசத்துக்கு உள்நோக்கமோ, சேதம் வரும் என்ற அறிவோ வேண்டும். வெறும் அலட்சியம் போதாது. அலட்சியத்தால் மனிதருக்கு ஆபத்து என்றால் 125-ஆம் பிரிவு. உயிர் போனால் 106. பழைய 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டாக இருந்த உச்ச தண்டனை, 2024 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய், கார் மட்டும் நசுங்கியிருந்தால், ‘சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கோங்க’ என்பதுதான் பதில்.

சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. 20,000 ரூபாய் சேதம் என்றால் கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 3 சதவீதம், 600 ரூபாய்தான். 2017-க்கு முன்பு அது ஏழரை சதவீதமாக இருந்தது. செலவு கட்டணத்தில் இல்லை. வக்கீல் ஃபீஸிலும் வாய்தாவிலும் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் முகத்தில் தினமும் விழிக்கவேண்டியதும் ஒரு செலவு. இந்த அளவுத் தகராறுக்கு ஏற்ற இடம் மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடும் முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. இரண்டு தரப்பும் வரவேண்டும் என்பதுதான் குறை.

எங்கே போனாலும் சாட்சி வேண்டும். ஷீட் விழுந்த இடத்தில் கிடக்கும்போதே போட்டோ, மாடியில் அது பிய்ந்துபோன இடத்தின் போட்டோ, துருப்பிடித்த ஓட்டையின் நெருக்கமான போட்டோ. எதிர்க்கடை சிசிடிவியில் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் பதிவான காற்று வேகத்தை வைத்து அயனம்பாக்கத்தில் என்ன அடித்தது என்று முடிவுசெய்ய முடியாது. கோடை இடிமழையின் சூறைக்காற்று இரண்டு கிலோமீட்டருக்குள் ஆளே மாறிவிடும்.

நடைமுறையில் பணம் வருவது பெரும்பாலும் காப்பீட்டிலிருந்துதான். வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. அது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு. மேலே ஷீட் விழுந்தால் ஒரு ரூபாய் தராது. முழுக் காப்பீட்டில் புயல், சூறாவளி, ஆலங்கட்டி, வெளிப்பொருள் மோதிய விபத்து எல்லாம் அடங்கும். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள். ஆனால் கிளெய்ம் எடுத்தால் 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த நோ-கிளெய்ம் போனஸ் போய்விடும். சின்ன சேதத்துக்குக் கைக்காசு போடுவதே மலிவு என்று ஆவது இப்படித்தான்.

வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இருக்கிறது. புயலும் அதில் உண்டு, வெளியிலிருந்து வந்து மோதும் பொருளும் உண்டு. நம் மாடிப் பொருள் போய் அடுத்தவர் வீட்டை உடைத்தால் வரும் பொறுப்பு அதில் இல்லை. அமெரிக்காவில் வீட்டுப் பாலிசியோடு இந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. ஆகவே அங்கே சண்டை பெரும்பாலும் இரண்டு கம்பெனிகளுக்குள் நடக்கிறது. இங்கேயும் கம்பெனி பணம் கொடுத்த பிறகு, சேதத்துக்குக் காரணமானவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. 2010-இல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் விதிகளை விரிவாகவே வகுத்தது. ஒரு பம்பருக்காக எந்தக் கம்பெனியும் அயனம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பப் போவதில்லை.

விழுவதற்கு முன்பே தடுக்கும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. விழுந்து அக்கம்பக்கத்தாரையோ வழிப்போக்கரையோ காயப்படுத்தக்கூடிய நிலையில் இருக்கும் கட்டடம், கொட்டகை, மரம் இவற்றைச் சரிசெய்யவோ அகற்றவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதைவிட எளிது, போட்டோவோடு வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட். அதற்குப் பிறகு ஷீட் பறந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதமும் அதோடு பறந்துவிடும்.

இதற்கிடையே மாடிகளில் புதிதாக ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு பேனல் இரண்டு சதுர மீட்டருக்கு மேல் பரப்பு, இருபது கிலோவுக்கு மேல் எடை, வெயிலுக்காகச் சாய்த்து நிறுத்துவதால் அடியில் காற்றுப் புக வாகானது. பறந்தால் நாற்காலி மாதிரி இருக்காது. பொருத்தித் தருகிற நிறுவனம் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பு. ஆறாம் ஆண்டிலிருந்து வீட்டுக்காரர் பாடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது யூனிட் எவ்வளவு வரும், எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பேனலைத் தாங்கும் சட்டகம் எத்தனை கிலோமீட்டர் காற்றுக்குக் கணக்குப் போட்டது என்ற வரி அதில் இருக்கிறதா, இருந்தால் சென்னைக்கான 180 என்ற எண் அங்கே எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.